வாடை ஓய்ந்ததும்

இலங்கையின் கிழக்குக் கரையில் முக்குளிப்புக்கு உகந்த காலத்தைத் தீர்மானிப்பது காற்றே. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை திருகோணமலைக் கடலைக் கலக்கி, ஆற்றுச் சேற்றால் நீரை மங்கச் செய்து, படகுகளைக் கரையேற்றிவிடுகிறது. வாடை ஓய்ந்து ஏப்ரல் வாக்கில் கடல் தெளியும்போது, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவின் பவளப் பாறைகளையும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் கடலடி வாரத்தையும், மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்ததால் 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் காண்பதற்கு ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள். போர்த்துக்கீசியர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்களை 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கண்டது இந்தச் சுவாமி மலையடி நீரில்தான். அவர்கள் காலத்து முக்குளிப்புக் கருவிக்கும் இன்றைய கருவிக்கும் தோற்றத்தில் வேறுபாடுகள் பல உண்டென்றாலும் அடிப்படை இயக்கம் மாறவில்லை.

பருவம் முடிந்து மீண்டும் தொடங்கும்வரை இந்தக் கருவிகள் ஐந்தாறு மாதம் அறையில் தொங்குகின்றன. பயன்படுத்தாத பொருள் தேயாது என்ற பொது நம்பிக்கையில்தான் அவை அப்படி விடப்படுகின்றன. ஆனால், கடலில் இறங்கும் காலத்தில் மாலைதோறும் நன்னீரில் அலசப்பட்டு, காலைதோறும் எவருடைய கையாலேனும் சோதிக்கப்படும் ஒரு கருவி, மழைக்காலத்தில் எவர் கண்ணிலும் படாமல் உப்புக்கும் ஈரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் தன் உள்ளே இருக்கும் சுருள்வில்லின் விசைக்குமே இரையாகிறது. ஆகவே புதிய பருவத்துக்குக் கருவியைத் தயார் செய்தல் என்பது தூசி தட்டித் துடைக்கும் வேலை அன்று. ஓய்வு அந்தக் கருவிக்கு என்ன செய்திருக்கிறது என்று ஒவ்வோர் உறுப்பாகப் படித்தறியும் வேலை.

நீருக்கடியில் சுவாசிப்பதற்கான தன்னிறைவுள்ள கருவி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஸ்கூபா என்ற பெயராயின. மேலிருந்து குழாய் வழியாகக் காற்று பெறாமல், தேவையான காற்றைத் தானே சுமந்து செல்பவர் என்பதே ஸ்கூபா முக்குளிப்பவரைப் பிறரிடமிருந்து பிரிக்கிறது. அவர் முதுகில் அழுத்திய காற்று அடைத்த உருளையும், அந்த அழுத்தத்தைச் சுவாசிக்கத்தக்க அளவுக்குக் குறைக்கும் ரெகுலேட்டரும், மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்றுப்பை பொருத்திய மிதவைச் சட்டையும், எஞ்சிய காற்றைக் காட்டும் அழுத்தமானியும் முதன்மையான உறுப்புகள். முகமூடி, துடுப்பு, ரப்பர் உடை, மணிக்கட்டுக் கணினி ஆகியவை இவற்றோடு சேரும். இவை அனைத்துக்கும் பொதுவான பகை உப்பு என்பதால் அதிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியானாலும் உப்பு போகாது என்பது உப்பளம் பார்த்த எவருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, காய்ந்த உப்பு காய்ந்தே இருப்பதில்லை என்பதைத்தான். அடைமழைக் காலத்தில் அடுக்களைக் கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் கசிந்து நிற்பதற்குக் காரணம், அந்த உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடுவதே. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் இவ்வாறு கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். மழைக்காலக் கடலோர இரவில் ஈரப்பதம் இரண்டு எல்லைகளையும் எளிதில் கடந்துவிடுவதால், ரெகுலேட்டரின் மடிப்புகளில் தங்கிய உப்பு இரவில் கரைசலாகவும் வெயில் காய்ந்த நண்பகலில் படிகமாகவும் மாறி மாறி நிற்கிறது. அந்தக் கரைசல் நிறைவுற்றது, அதாவது இனி உப்பு கரையாத அளவுக்குச் செறிந்தது. அதிலுள்ள உப்பு லிட்டர் நீருக்கு 350 கிராமையும் தாண்டும். அறையில் தொங்கும் கருவி கடலை விட்டு வெளியேறவே இல்லை, கடலைவிடப் பத்து மடங்கு உப்பான மெல்லிய படலம் ஒன்றுக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலும், ஆழ்ந்த நீரில் கிடக்கும் உலோகத்தைவிட மெல்லிய நீர்ப்படலம் போர்த்த உலோகத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்து சேர்வதால், அரிப்பு அங்கே விரைவாகவே நடக்கிறது.

இந்த அரிப்பை நிறத்தைக் கொண்டே ஓரளவு படித்துவிடலாம். ரெகுலேட்டர்களின் உடல் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை. பூச்சில் ஊசிமுனை அளவுக்கு விரிசல் விழுந்தாலும் குளோரைடு உள்ளே நுழைந்து செம்பைத் தாக்க, பச்சைக் களிம்பு வெளியே தலைகாட்டும். ரெகுலேட்டர் உருளையோடு பொருந்தும் வாயிலில், நுண்ணிய உலோகத் துகள்களைச் சுட்டு இணைத்துச் செய்த சிறிய வடிகட்டி ஒன்று உண்டு. பருவத் தொடக்கத்தில் டார்ச் அடித்து முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. அது பச்சையாக இருந்தால், தூசிமூடி சரியாக மூடப்படாமல் அலசும்போது நீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் எஃகு உருளையின் உட்சுவரில் துரு இருக்கிறது. கருமையாக இருந்தால் காற்றடைக்கும் கம்ப்ரெசரின் கரித்தூள் வடிகட்டியிலிருந்து துகள்கள் கசிந்திருக்கக்கூடும். நெல் அளவே உள்ள அந்த வடிகட்டி, பளபளவென்று துடைக்கப்பட்ட வெளித்தோற்றத்தைவிட நம்பத்தக்க சாட்சி.

உப்புக்கு அடுத்த பகை, உலோகத்தைவிட ரப்பரையே அதிகம் வாட்டுகிறது. அழுத்தக் காற்றைத் தாங்கும் ஒவ்வொரு மூட்டிலும் ஓ-வளையம் எனப்படும் வட்ட ரப்பர் வளையம் இருக்கிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930களில் காப்புரிமை பெற்ற இந்த எளிய கண்டுபிடிப்பின் நுட்பம், அது தடுக்க வேண்டிய அழுத்தத்தையே தனக்குத் துணையாக்கிக்கொள்வதில் இருக்கிறது; காற்று தள்ளத் தள்ள வளையம் பள்ளத்தின் ஓரத்தில் இன்னும் இறுக்கமாகப் படிந்து இடைவெளியை அடைக்கும். ஆனால், அப்படிப் படிவதற்கு ரப்பர் உடனுக்குடன் மீளும் தன்மையோடு இருந்தாக வேண்டும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் சிதறியதற்குக் குளிரில் விறைத்த ஓ-வளையமே காரணம் என்பதை இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு குவளைப் பனிநீரில் ரப்பர்த் துண்டை முக்கிக் காட்டிப் புரியவைத்தார். திருகோணமலையில் குளிர் ஒரு சிக்கல் அன்று. மாதக்கணக்கில் ஒரே நிலையில் அமுங்கிக் கிடக்கும் ரப்பர் அந்த வடிவத்தையே தன் வடிவமாக்கிக்கொள்வதும், காற்றிலுள்ள ஓசோன் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுவதுமே இங்குள்ள சிக்கல். மின்மோட்டார்களின் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும் என்பதால் கம்ப்ரெசர் அறையில் ரெகுலேட்டரைத் தொங்கவிடுவது வசதியானதே தவிர அறிவுடைமை அன்று. வளையத்தை விரலில் மாட்டி மெல்ல இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால், ஓசோன் வெட்டிய நுண்கீறல்கள் இழுத்த திசைக்குக் குறுக்காகத் தெரியும்; வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு தட்டையாகியிருந்தால் அது அமுங்கிப் பழகிவிட்டது. இரண்டில் எது தெரிந்தாலும் வளையத்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அதன் விலை ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது.

ரெகுலேட்டருக்குள் நடக்கும் தேய்வு இதைவிட மறைவானது. அதைப் புரிந்துகொள்ள அதன் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 1 பார், அதாவது ஒரு வளிமண்டல அளவுக்கு, அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மேற்பரப்பின் காற்றையும் சேர்த்து 4 பார். அங்கே நெஞ்சைச் சுற்றி 4 பார் நீர் அழுத்தும்போது உள்ளே இழுக்கும் காற்றும் 4 பாராக இருந்தால்தான் விலா எலும்புகள் விரியும். உருளையிலோ 200 பார் இருக்கிறது. இந்த இறக்கத்தை ரெகுலேட்டர் இரண்டு கட்டங்களில் செய்கிறது. உருளையோடு பொருந்தும் முதற்கட்டம், அழுத்தத்தைச் சுற்றுநீரைவிட 9 அல்லது 10 பார் கூடுதலான இடை அழுத்தமாகக் குறைத்துக் குழாயில் அனுப்புகிறது. வாயில் கடித்துக்கொள்ளும் இரண்டாம் கட்டம், மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றுநீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருகிறது. இரண்டாம் கட்டத்தின் நெஞ்சம் ஒரு வட்ட ரப்பர்ச் சவ்வு: அதன் ஒரு புறம் கடல்நீர், மறுபுறம் வாய்க்காற்று, மூச்சு இழுபட்டதும் சவ்வு உள்வாங்கி நெம்புகோலை அழுத்த, வால்வு திறக்கிறது.

இந்தச் சவ்வு எவ்வளவு நுண்ணுணர்வு கொண்டது என்பதை அதன் பிறப்பு வரலாறே சொல்லும். ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்ஸில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்ட வேண்டியிருந்தபோது, அதற்கான வால்வு ஒன்றை வடிவமைத்த பொறியாளர் எமீல் காஞான், அதையே முக்குளிப்புக்கு மாற்றியமைத்துக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவிடம் தந்தார். 1943இல் மார்ன் ஆற்றில் அதைச் சோதித்தபோது கிடைமட்டமாக நீந்துகையில் நன்றாக வேலை செய்த கருவி, நிமிர்ந்ததும் காற்றை வீணாகக் கொட்டியது. தலைகீழானதும் மூச்சே இழுபடவில்லை. வெளிவிடும் காற்றின் வாயிலும் சவ்வும் வேறு வேறு உயரத்தில் இருந்ததால், அந்தச் சில அங்குல நீரின் எடை வேறுபாடே வால்வைத் திறக்கவும் அடைக்கவும் போதுமானதாக இருந்தது. இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. அதே ஆண்டு கோடையில் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ தடையின்றி நீந்தினார்.

மார்ன் ஆற்றில் குழப்பத்தை உண்டாக்கிய அதே இயற்பியலை இன்று ஒரு வாளி நீரில் அளவுகோலாகப் பயன்படுத்தலாம். ரெகுலேட்டரை உருளையில் பொருத்திக் காற்றைத் திறந்து, இரண்டாம் கட்டத்தை வாய்ப்பகுதி மேலே பார்க்க, சவ்வின் மூடி கீழே இருக்க, நீரில் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். சவ்வு ஏதோ ஓர் ஆழத்தை எட்டும்போது நீரின் எடை அதை உள்ளே தள்ளி, சீறும் ஒலி எழும். நீர்மட்டத்திலிருந்து அந்த இடம் வரையுள்ள ஆழமே வால்வைத் திறக்கத் தேவையான மூச்சின் அளவு. நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான ரெகுலேட்டர்களில் அது இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதைவிடக் குறைந்தால் நீரில் குதித்ததுமே காற்று கொட்டும் வாய்ப்பு உண்டு. அதைவிடக் கூடினால் மூச்சு கனக்கும். 30 மீட்டரில் காற்றின் அடர்த்தி நான்கு மடங்காகிக் குழாயில் ஓடவே கூடுதல் முயற்சி கேட்கும் நிலையில், கரையில் பொருட்படுத்தத் தோன்றாத இந்தக் கனம் அங்கே களைப்பாக வெளிப்படும்.

ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்துக்குள் இந்த அளவு மாறிவிடுவது ஏன் என்ற கேள்விக்கான விடை, ஓய்வின் தீமைக்கு நேரடியான சான்று. இரண்டாம் கட்டத்தின் வால்வு, கத்திமுனை போன்ற உலோக விளிம்பின் மீது சுருள்வில்லால் அழுத்தப்படும் ஒரு சிறு ரப்பர் இருக்கை. குழாயில் காற்று நிற்கும்போது அந்தக் காற்றின் தள்ளல் வில்லின் விசையில் ஒரு பகுதியைச் சமன் செய்துவிடும். காற்றில்லாமல் தொங்கும் ஐந்து மாதமும் வில்லின் முழு விசையும் ரப்பரின் மேல் விழுந்து, விளிம்பு அதில் பள்ளம் பதித்துவிடுகிறது. இதை உணர்ந்த சில தயாரிப்பாளர்கள், காற்றை மூடியதும் விளிம்பு தானாகப் பின்வாங்கும் அமைப்பையோ, சேமிப்பின்போது நெம்புகோலை அழுத்தி வைக்கும் சாவியையோ தருகிறார்கள். முதற்கட்டத்தின் இருக்கைக்கு ஒரு தனிச் சோதனை உண்டு: மிதவைச் சட்டைக்குச் செல்லும் குழாயில் ஒரு சிறு அழுத்தமானியைப் பொருத்தி, இரண்டாம் கட்டத்தில் ஒருமுறை மூச்சிழுத்துவிட்டால், முள் சற்றே இறங்கித் திரும்பி, 9 அல்லது 10 பாரில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காமல் நிமிடத்துக்கு நிமிடம் மெல்ல ஏறினால், மூடிய இருக்கையின் வழியே 200 பார் காற்று கசிகிறது என்று பொருள். அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவருடையது. ஆனால், அவரிடம் எடுத்துச் செல்ல வேண்டுமா என்பதை அறியும் வேலை உரிமையாளருடையது.

இன்னொரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். முதற்கட்டத்தைத் தூசிமூடியால் மூடி, காற்றின்றி இரண்டாம் கட்டத்தில் மூச்சிழுத்தால் எதுவும் வரக்கூடாது. சிறிதளவு காற்று வந்தாலும் கடலில் அந்த வழியே நீர் வரும். பெரும்பாலும் குற்றவாளி, வாய்ப்பகுதியை இறுக்கிய பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் கிழிசலாகவோ, மூச்சை வெளியே விடும் காளான் வடிவ வால்வின் ஓரத்தில் ஒட்டிய உப்புப் பரலாகவோ இருக்கும்.

உருளைக்கு வந்தால் அளவுகள் வேறு வகையில் பெரிதாகின்றன. 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று அடங்கும். அந்தக் காற்றின் எடை மட்டுமே 3 கிலோவை நெருங்கும். அது திடீரென வெடித்து விரிந்தால் வெளிப்படும் ஆற்றல், 1 டன் எடையுள்ள காரை 40 மீட்டருக்கு மேல் தூக்கப் போதுமானது. இந்த ஆற்றலைச் சோதனைச் சாலையிலேயே அவிழ்த்துவிடாமல் இருப்பதற்காகத்தான் உருளைகள் காற்றால் அன்றி நீரால் சோதிக்கப்படுகின்றன. நீர் அழுத்தத்தில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை என்பதால், உருளை பிளந்தாலும் நீர் சற்றே பீறிட்டு நின்றுவிடும். நீர் நிரப்பிய உருளையை நீர் நிரப்பிய உறைக்குள் இறக்கி, அமெரிக்க விதிப்படி வேலை அழுத்தத்தின் மூன்றில் ஐந்து மடங்குக்கு, அதாவது 207 பார் உருளைக்கு 345 பாருக்கு உயர்த்துவார்கள். உருளை புடைப்பதால் உறையிலிருந்து வெளியேறும் நீரை அளந்து, அழுத்தத்தை விட்டபின் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள். திரும்பாத பங்கு மொத்தப் புடைப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் உலோகம் களைத்துவிட்டது என்று உருளை ஒதுக்கப்படும். அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சோதனையின் மாதமும் ஆண்டும் உருளையின் தோளில் பொறிக்கப்படுகின்றன.

அலுமினிய உருளைகளில் வயதைப் பார்ப்பது மட்டும் போதாது, பிறந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1980களின் இறுதி வரை அமெரிக்காவில் தயாரான பல உருளைகள் 6351 என்ற எண்ணுள்ள கலப்புலோகத்தால் ஆனவை. அழுத்தம் மாறாமல் நீண்ட காலம் நிற்கும்போது அவற்றின் கழுத்துத் திருகுகளில் விரிசல் மெல்ல வளர்வது பின்னர்தான் தெரியவந்தது. நீர்ச் சோதனையில் தேறிய உருளையிலும் இந்த விரிசல் இருக்கலாம் என்பதால், காந்தச் சுருளைக் கழுத்துக்குள் இறக்கி உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டி, அது தடைபடும் இடத்தைக் கண்டறியும் தனிச் சோதனை உருவாயிற்று. பிற்காலத்து 6061 கலப்புலோகத்தில் இந்தக் குறை இல்லை.

எஃகு உருளைக்கு வேறொரு குறை உண்டு, அதை வெளியிலிருந்து காணவே முடியாது. சிறிது கடல்நீர் உள்ளே புகுந்த எஃகு உருளையைக் கொஞ்சம் காற்றோடு மூடி வைத்தால், உட்சுவர் துருப்பிடிக்கும். துரு என்பது இரும்போடு சேர்ந்த ஆக்சிஜனே என்பதால், அந்த ஆக்சிஜன் மூடிய காற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. 12 லிட்டர் உருளையில் 5 பார் காற்று எஞ்சியிருந்தால் அதில் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 17 கிராம்தான். 40 கிராம் இரும்பு துருவானால் அது முழுவதும் தீர்ந்துவிடும். அதில் பாதி துருவானாலே, எஞ்சும் காற்று மனிதனை மயங்கச் செய்யும் அளவுக்கு வறிதாகிவிடும். மணமோ சுவையோ மாறாது. மூச்சுத் திணறலும் தோன்றாது, ஏனெனில் மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடின் மிகுதியே தவிர ஆக்சிஜனின் குறைவு அன்று. சென்ற பருவத்தில் எஞ்சிய காற்றைக் கொண்டு படகின் நங்கூரத்தை ஒருமுறை விடுவித்துவிட்டு வரலாம் என்று எண்ணுவதில் உள்ள ஆபத்து இதுவே. பழைய காற்றை வெளியேற்றி, வால்வைக் கழற்றி உள்ளே விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே முறை. அலுமினிய உருளைகளில், அடியில் மாட்டிய ரப்பர்க் காலணியைக் கழற்றினால் அதற்குள் தேங்கிய உப்புநீர் அரித்த வெண்குழிகள் தென்படலாம்.

புதிதாக நிரப்பும் காற்றும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது அன்று. கம்ப்ரெசரின் வடிகட்டிக் கூண்டில் ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடை எனப்படும் துளைக்கனிமமும், எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கரித்தூளும் அடுக்கப்பட்டிருக்கும். கூண்டில் அழுத்தம் விடப்பட்டு மழைக்காலம் முழுதும் அது திறந்த நிலையில் நின்றிருந்தால், ஒரு லிட்டர் காற்றும் அடைக்காமலேயே அந்தச் சல்லடை ஈரத்தால் நிரம்பித் தன் வேலையை முடித்துக்கொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு இதைவிடக் கொடியது. சூடேறிக் கருகும் எண்ணெயிலிருந்தோ, அருகில் ஓடும் டீசல் எஞ்சினின் புகையிலிருந்தோ அது காற்றில் கலக்கும். இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டுகிறது. ஐரோப்பியத் தரநிலை முக்குளிப்புக் காற்றில் பத்து லட்சத்துக்கு 5 பங்கு மட்டுமே அதை அனுமதிப்பதற்குக் காரணம், 30 மீட்டரில் அதன் விளைவு நான்கு மடங்காவதே. படகிலேயே கம்ப்ரெசரை ஓட்டுவோர், காற்று இழுக்கும் குழாயின் வாய் புகைபோக்கிக்குக் காற்றடிக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதை வெறும் சடங்காகக் கொள்ளலாகாது.

மிதவைச் சட்டையும் குழாய்களும் ஓய்வில் அழியும் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. திருமணத்துக்கென்று வாங்கிப் பெட்டியில் பத்திரமாக வைத்த காலணியை இரண்டு மூன்று ஆண்டு கழித்து அணிந்த அன்றே அதன் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் கண்டிருக்கலாம். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைகளில் சில, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறுகளால் வெட்டப்பட்டு இவ்வாறு உதிரும். வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். மிதவைச் சட்டையின் காற்றுப்பையில் பூசியிருப்பதும் பாலியூரித்தேன். நெய்த உறை போர்த்த சில வளையும் குழாய்களின் உட்சுவரும் அதுவே. வெப்பநாட்டு ஈரத்தில் அந்த உட்சுவர் படிகம் போலாகி உடைந்து, துணுக்குகளால் காற்றின் வழி அடைபட்டதும் உண்டு. வெளியுறையோ புதியது போலவே இருக்கும். குழாயை வளைத்து, விரலால் நெரித்து, உள்ளே விறைப்போ நெறுநெறுப்போ தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுவதே நல்லது. காற்றுப்பையைச் சோதிக்க, மாலையில் அதை முழுதும் ஊதி இரவு முழுக்க விட்டுவைப்பது வழக்கம். ஆனால், மாலையில் 35 பாகையிலிருந்த காற்று விடியலில் 27 பாகைக்குத் தணியும்போது அழுத்தம் ஏறத்தாழ 0.03 பார் தானாகவே குறையும். பையில் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருந்ததே 0.1 பார் அளவுதான் என்பதால், காலையில் பை சற்றுத் தளர்ந்திருப்பது ஓட்டைக்குச் சான்று அன்று. ஊதும் பொத்தான் அழுத்திய இடத்தில் சிக்கிக்கொள்கிறதா என்பது இதைவிட முக்கியம்: உப்புப் பரல் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டால் சட்டை தானாக ஊதி, முக்குளிப்பவரை மேலே தூக்கும்; 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரலில் அடைபட்ட காற்று இரு மடங்காகும்.

அழுத்தமானி, 1849இல் எழேன் பூர்தோன் காப்புரிமை பெற்ற அமைப்பிலேயே இன்றும் இயங்குகிறது: தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாய், உள்ளே அழுத்தம் ஏறும்போது நிமிர முயல்வதே முள்ளை நகர்த்துகிறது. காற்று மூடியபின் முள் சுழியத்துக்கு வராமல் 15 அல்லது 20 பாரில் நின்றுவிட்டால், இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டும் மானி அது. பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே மலிவு. கணினியில் மின்கலத்தையும் அதன் மூடியிலுள்ள ஓ-வளையத்தையும் மாற்றி, கரையில் அது சுழியம் மீட்டர் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ரப்பர் உடையின் நியோப்பிரீன் மூடிய நைட்ரஜன் குமிழிகளால் ஆனது. மடித்து வைத்த இடத்தில் குமிழிகள் நசுங்கி மீளாததால் அங்கே குளிர் ஏறும். முகமூடியும் துடுப்பும் பட்டை கிழியாமல் இருந்தால் வேறு கவலை தருவதில்லை.

இத்தனையும் முடிந்தபின் முதல் இறக்கத்தை ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் வைத்துக்கொள்ளாமல், புறாத்தீவின் ஆழமற்ற பவளத் திட்டில் ஐந்தாறு மீட்டரில் வைத்துக்கொள்வது பெரும்பாலான நிலையங்களின் வழக்கம். அங்கே ஒருவர் மற்றவரின் பின்புறம் நீந்தி, மூட்டுகளிலிருந்து குமிழி எழுகிறதா என்று பார்ப்பார். கரையில் காதுக்குக் கேட்காத கசிவு நீரில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஏப்ரலில் செய்யும் இந்தச் சோதனைகளில் பாதி, அக்டோபரில் செய்யத் தவறியதன் விளைவுகளையே கண்டுபிடிக்கின்றன. கடைசி இறக்கம் முடிந்த அன்று தூசிமூடியை இறுக்கி, ரெகுலேட்டரை ஓரிரு முறை நீரில் முக்கி எடுக்காமல் வெதுவெதுப்பான நன்னீரில் சில மணி நேரம் ஊற வைத்து, அப்போது இரண்டாம் கட்டத்தின் வால்வைத் திறக்கும் பொத்தானை அழுத்தாமல் இருந்து, நிழலில் உலர்த்தி, குழாய்களை ஒடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி, காற்றுப்பையின் உட்புறத்தையும் அலசி வடித்து, உருளையில் ஈரம் புகாதபடி சிறிது அழுத்தம் விட்டு நிறுத்தினால், மழைக்காலம் அந்தக் கருவிக்குச் செய்வதற்கு அதிகம் எஞ்சாது. பழுதுபார்ப்பவரிடம் அனுப்ப வேண்டியவற்றையும் மார்கழியிலேயே அனுப்பிவிட வேண்டும். பங்குனியில் அவருடைய மேசையில் இடம் இருக்காது.